அந்தாண்ட இன்னா நடக்குது?

தேங்காய் எண்ணெய் பாட்டிலை வைத்துக்கொண்டு ஏசி ஓடுகிறதா இல்லையா என்று பார்க்கிற ஆளை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நான் கண்டிருக்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய் செய்கிற ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் ரூமில், ஆள் உயரத்துக்குக் கறுப்பாக நின்றிருந்த பெரிய மெஷினுக்குப் பக்கத்து மேஜையில் அந்த பாட்டில் இருக்கும். சுவரில் குளிரைக் காட்டும் மீட்டர் ஒன்றும் இருந்தது. அங்கே வேலை பார்த்த அந்தம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். காலையில் வந்ததும் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். எண்ணெய் உறைந்துபோய் அப்படியே நின்றால் சரி. வழிந்து இறங்கினால் உடனே ஏசி மெக்கானிக்குக்கு போன் போகும்.

"மீட்டரு அது பாட்டுக்கு ஏதோ சொல்லிக்கினு இருக்கும் சார். எண்ணெய்க்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார்.

பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கம்பெனியிலும் யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் ரூம் மேடம், அவ்வளவுதான். பழவேற்காட்டில் கடை வைத்திருந்த குடும்பம். அங்கிருந்து பொன்னேரிக்கு பஸ், பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயில். நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில்கூட சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டு, மேலே ஒரு ஊதா ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு என்ன வேலை என்று எங்கள் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "அந்தம்மா போர்ட்டு பாக்குது" என்றேன்.

"இன்னாது, எண்ணூர் போர்ட்டா? இங்க குந்திக்கினு எப்டிப்பா பாக்குது?"

விஷயம் இதுதான். கம்பெனியின் ஆர்டர், உற்பத்தி, சம்பளம், பில் எல்லாம் அந்த ஒரே பெரிய மெஷினுக்குள் இருந்தன. மெயின்ஃபிரேம் என்பார்கள். அதன் முதுகில் நெட்வொர்க் கேபிள் செருகுவதற்கு போர்ட் என்கிற வாய்கள் உண்டு. ஒன்றாம் போர்ட் ஆபீஸுக்கு. இரண்டாவது மில்லுக்கு. மூன்றாவது, லாரிகளுக்கு பில் போட்டு அனுப்புகிற எங்கள் டிஸ்பேட்ச் கொட்டகைக்கு. எந்த வாய் பேசுகிறது, எந்த வாய் அடைத்துப்போனது என்று ஒரு திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் மேடத்தின் வேலை. போர்ட் உயிரோடு இருந்தால் திரையில் பச்சை. போய்விட்டால் சிவப்பு. பச்சை என்றால் நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம் என்பதுதான் அந்த அறையில் மற்றவர்களின் கட்சி. மேடத்துக்கு மட்டும் பச்சையைப் பார்த்தால்தான் சந்தேகமே வரும்.

நான் டிஸ்பேட்ச் கிளார்க். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள். எனக்கு வாய் கொஞ்சம் பெரிது. லாரி டிரைவர்களோடு தினமும் மல்லுக்கு நிற்கிறவனுக்கு அது இல்லாமல் முடியாது. வேலையில் சேர்ந்து புரொபேஷன் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்து நிரந்தரம் என்று கடிதம் வந்துவிட்டால் அம்மாவைக் கூலி வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தேன். அப்பா இல்லை. அம்மா பிறத்தியார் கழனியில் குனிந்து குனிந்து முட்டி தேய்ந்துபோயிருந்தாள். எனக்கு இருந்த ஆசையெல்லாம் அந்த ஒன்றுதான்.

அதில்தான் மண் விழுந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் இடி இறங்கியதில் எங்கள் கொட்டகையில் இருந்த நெட்வொர்க் பெட்டி கருகிப்போனது. புதிதாக ஒன்று மாட்டினார்கள். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் எங்கள் கம்ப்யூட்டர் உறைந்துபோக ஆரம்பித்தது. காலையில் ஜோராக ஓடும். உச்சிவேளையில் பில் அடிக்கச் சொன்னால் பேசாமல் நிற்கும். கொஞ்சம் போகும், மறுபடி நிற்கும். வெளியே லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கும். நான் கம்ப்யூட்டர் ரூமுக்கு போன் போடுவேன்.

முதல் தடவை போட்டபோது, "லைன் போச்சு மேடம்!" என்று கத்தினேன்.

"பச்சை எரியுதே" என்றது குரல், கொஞ்சமும் பதறாமல். "சரி, அது கெடக்கட்டும். அந்தாண்ட இன்னா நடக்குது, சொல்லுங்க."

"இன்னா நடக்குது! லாரி நிக்குது, பில் வரல!"

"அது இல்ல சார். கர்சர் மின்னுதா? அப்டியே நிக்குதா? கடைசியா அடிச்ச பில் பாதி வந்துச்சா, முழுசா வந்துச்சா? பிரிண்டர் சத்தம் போடுதா? உங்க பக்கத்துல வேற யாரு வேலை பார்க்குறாங்க?"

"மேடம், ஜாதகம் கணிக்கப் போறீங்களா? லாரிக்காரன் என்னை அடிக்க வரான்!" என்று போனை வைத்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை. "மின்னுச்சா?" என்றார்.

அதுதான் அவர். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் அதற்குப் பதில் வந்து சேருகிறவரை அவருக்குச் சோறு இறங்காது. தினமும் காலையில் ஒவ்வொரு பகுதிக்கும் போன் செய்வார். எங்களைப் பெயர் சொல்லியோ பிரிவு சொல்லியோ கூப்பிட மாட்டார். "ஹலோ, மூணா? ஒரு வரி அடிச்சு அனுப்புங்க" என்பார். நாங்கள் ஏதாவது அடிப்போம். வந்து சேர்ந்ததை வார்த்தை பிசகாமல் படித்துக் காட்டிவிட்டுத்தான் வைப்பார். மில்லில் இருக்கிறவர்கள் கிண்டலாக என்னென்னவோ அடிப்பார்கள். நான் ஒருநாள் நாஷ்டா சாப்பிடாத எரிச்சலில் "பசிக்குது" என்று அடித்தேன்.

"உங்க பசி வந்து சேந்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை? கிடையாது. எனக்கு அன்று உண்மையிலேயே கோபம் வந்தது. என் கர்சரைப் பற்றி, என் பிரிண்டரைப் பற்றி, என் கொட்டகையில் ஓடுகிற மின்விசிறியைப் பற்றிக்கூடக் கேட்கிற மனுஷி, என்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஆர்வக்கோளாறு என்று கம்பெனியில் சொல்வார்கள். பொய்யில்லை. ஒருமுறை தனக்குத்தானே ஒரு தபால் கார்டு எழுதி, கும்மிடிப்பூண்டியில் பெட்டியில் போட்டாராம். பழவேற்காட்டு வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்த அன்று தபால்காரரை நிறுத்திவைத்து, கார்டு எந்த வழியாக வந்தது, நடுவில் எங்கே தூங்கியது என்று விசாரித்திருக்கிறார். "எங்க வாப்பா தலையில அடிச்சுக்கினாரு" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

எல்லாம் சிரிப்போடு போய்விடவில்லை. ஒரு போர்ட் செத்தால் அதன் வேலையை இன்னொரு போர்ட் தானாக எடுத்துக்கொள்ளும் என்று மெஷினை விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். காகிதத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. மேடத்துக்கு அது போதவில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஒன்றாம் போர்ட்டின் கேபிளைக் கையாலேயே பிடுங்கிவிட்டார். எந்தப் போர்ட்டும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. சம்பளக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஆபீஸ் மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் ரூம் இன்சார்ஜ் ஓடிவந்து, "ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்று கத்தியதற்கு, "மாறுதான்னு தெரிஞ்சாகணும் இல்ல சார்?" என்றாராம். மாறாதது தெரிந்தது நல்லதுதானே என்று இன்சார்ஜுக்குத் தோன்றவில்லை. இன்னொரு தடவை ஏதாவது செய்தால் எழுத்தில் கொடுத்துவிடுவேன் என்று எச்சரிக்கை செய்திருந்தார்.

அந்த இன்சார்ஜ்தான் என் தலையிலும் கல்லைப் போட்டார். எங்கள் புகார் மேனேஜர்வரை போனது. மேனேஜர் இன்சார்ஜைப் பார்க்கச் சொன்னார். இன்சார்ஜ் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, இரண்டரை மணிக்கு வந்து, மேடத்தின் திரையைப் பார்த்தார். மூன்றாம் போர்ட் பச்சை. இரண்டாவது பக்கத்தைத் திருப்பினால் தவறுகளின் கணக்கு வரும். அதில் சுத்தமாகச் சுழி. "மெஷின்ல ஒரு குறையும் இல்ல. டிஸ்பேட்ச்லதான் ஆளு சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் இதே கதை. தினமும் அதே இரண்டரை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விட்டார். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நான் கண்ணசந்துவிடுவதாக அவருக்கு யாரோ ஓதியிருக்கிறார்கள். "மெமோ டைப் பண்ணச் சொல்லியிருக்கேன்" என்றார். "இந்த வாரம் பார்ப்பேன். லாரி லேட்டாச்சுன்னா உன் புரொபேஷன் இதோட முடிஞ்சுது. ஊரைப் பார்த்துக் கிளம்பிடு."

கொட்டகைக்குத் திரும்பி வந்து செக்யூரிட்டி அண்ணனிடம் சொன்னேன். "இன்னா பேஜாருப்பா இது. பேசாம காலைலயே எல்லா பில்லையும் அடிச்சு வச்சிடேன்" என்றார். லாரி வந்து எடை போட்டால்தானே பில்? மனுஷனுக்கு நல்ல மனசு, யோசனைதான் மட்டம். அன்று மாலை அழுகை அழுகையாக வந்தது எனக்கு. அம்மாவிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

மறுநாள் மேடம் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் கொட்டகைக்கே வந்துவிட்டார். முகத்தை நான் சரியாகப் பார்த்தது அன்றுதான். என் மெமோவைக் கேள்விப்பட்டு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"உக்காருங்க சார். நீங்க வேலையைப் பாருங்க. நான் சும்மா பார்த்துக்கினு இருக்கேன்" என்று குழாய்க் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். புதிதாக மாட்டிய பெட்டியை அண்ணாந்து பார்த்தார். அதிலும் பச்சை விளக்குதான் மின்னியது. பிறகு வரிசையில் நின்றிருந்த லாரி டிரைவர் ஒருவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். அவர் தெலுங்கும் தமிழும் கலந்து, காலையிலும் சாயங்காலமும் சிட்டிக்குள் லாரியை விட மாட்டார்கள், நடுவில்தான் விடுவார்கள், அதனால்தான் எல்லோரும் உச்சிவேளையில் வந்து மொய்க்கிறோம் என்றார்.

"அப்டின்னா காலையில ஒவ்வொருத்தரா பேசுறாங்க. மத்தியானம் எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்க" என்றார் மேடம் என்னைப் பார்த்து.

"ஆமா மேடம். அதுக்கு இன்னா?"

"தெரியல. தெரிஞ்சா சொல்றேன்." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். ஆறுதலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் ஒன்றரை தாண்டியிருக்கும். லாரிகள் நெருக்கிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் வழக்கம்போல உறைந்து உறைந்து ஊர்ந்தது. போன் அடித்தது.

"மூணா? போனை வைக்காதீங்க. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் பில் அடிச்சுக்கினே இருங்க."

காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு அடித்தேன்.

"நிறுத்துங்க." நிறுத்தினேன். "அடிங்க." அடித்தேன். "நிறுத்துங்க." லாரிக்காரர்கள் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார்கள்.

"நீங்க அடிச்சா ஏறுது. நிறுத்தினா நிக்குது" என்றார் மேடம். குரலில் ஒரு துள்ளல். "ரெண்டாவது பக்கத்துல பார்த்துக்கினு இருக்கேன். தப்புக் கணக்கு சரசரன்னு ஏறுது சார்!"

"அது சுழியாத்தானே இருக்கும்னு உங்க இன்சார்ஜ் சொன்னாரு?"

"அதான் எனக்கும் புரியல..."

அப்போது அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்துவிட்டார் போலிருக்கிறது. "அக்கா, ரெண்டாச்சு. நீங்க போன்ல பேசுங்க, நான் அழிச்சிடுறேன்" என்று ஒரு ஆண்குரல் தெளிவாகக் கேட்டது.

என் காதே கிழிகிற மாதிரி ஒரு அலறல்.

"கை வைக்காத! வைக்காதப்பா! எடு கையை!"

என்ன நடந்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்ட் முடிந்து கிளம்புகிறவர், இரண்டாவது பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், கணக்கையெல்லாம் ஒரு விசையை அழுத்திச் சுழியாக்கிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். உன் ஷிப்டில் வந்த தப்பா, என் ஷிப்டில் வந்த தப்பா என்று ஒரு காலத்தில் ஆட்களுக்குள் சண்டை வந்ததாம். அதைத் தீர்க்க இன்சார்ஜ்தான் இதைப் பழக்கியிருக்கிறார். அடுத்தவருக்குச் சுத்தமாக ஒப்படைப்பதில் எல்லோருக்கும் ஒரு பெருமை. சமைத்தவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவதைப் போல. ஷிப்ட் மாறுவது இரண்டு மணிக்கு. எங்கள் தப்பெல்லாம் ஏறுவது பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில். இன்சார்ஜ் சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பதோ இரண்டரைக்கு. பிறகு அங்கே என்ன மிஞ்சும்?

காலை ஷிப்ட் எப்போதும் மேடத்துடையது. இரண்டு மணிக்கு அந்த விசையை அழுத்திய கை அவருடைய கை. மீட்டரை நம்பாதவர், பச்சை விளக்கை நம்பாதவர், தபால்காரரை நம்பாதவர். ஊரில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவருக்குத் தன் கை மேல் மட்டும் சந்தேகம் வரவே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

"டிஸ்பேட்ச் சார்" என்றார் போனில், மூச்சு வாங்க. "தப்பு இங்கதான். நான் மேனேஜர்கிட்ட போறேன். நீங்களும் வாங்க."

மேனேஜர், இன்சார்ஜ், நான், எல்லோரும் அந்தக் குளிரில் திரை முன்னால் போய் நின்றோம். அழிக்காத கணக்கு அப்படியே இருந்தது. மேடம் விளக்கினார். நம் மெஷினின் போர்ட் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்யும். புதிதாக மாட்டிய பெட்டியை, ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூட வேண்டும் என்கிற முறையில் விட்டுவிட்டார்கள். கூட்டம் இல்லாதபோது தெரியாது. உச்சிவேளையில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பேசி எல்லாம் குழறிப்போகிறது. இரண்டு பக்கமும் கேபிள் செருகியிருக்கிறதே, அதனால் விளக்கு பச்சையாகத்தான் எரியும்.

"இவ்வளவு நாளா இது ஏன் யாருக்கும் தெரியல?" என்றார் மேனேஜர்.

இன்சார்ஜ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கத்தை உண்டாக்கியவர் அவர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு மணிக்கு நான் அழிச்சிடுவேன் சார். தினமும்" என்றார் மேடம்.

"நீங்க மட்டுமா அழிப்பீங்க?"

"காலை ஷிப்டு என்னுது சார். இந்தக் கணக்கை அழிச்சது நான்தான்."

வேறு யாரையும் சொல்லவில்லை. ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியவர் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போனார். பெட்டியைச் சரிசெய்ய ஆள் வந்தது. அன்றையிலிருந்து எங்கள் கம்ப்யூட்டர் மத்தியானத்திலும் பறந்தது.

அந்த வாரக் கடைசியில் எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. அதே நாளில் மேடத்துக்கு மெமோ வந்தது. அந்த வருஷ இன்கிரிமென்ட் கிடையாது, இன்னொரு தவறு நடந்தால் வேலை இல்லை என்று. கேட்டதும் என் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கம்ப்யூட்டர் ரூமுக்கு ஓடினேன். அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மெமோ கையில் இருந்தது.

"மேடம்... எனக்காகப் போய் நீங்க..." என்று ஆரம்பித்தேன்.

"உங்களுக்காக இல்ல சார்" என்றார் சாதாரணமாக. "எனக்குத் தெரிஞ்சாகணும். அதான்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊட்டுக்குச் சொல்லிட்டீங்களா தம்பி?"

சாரிலிருந்து தம்பிக்கு வந்துவிட்டேன். என் வீட்டைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

"இல்ல மேடம். ஞாயித்துக்கிழமை போய் நேர்ல சொல்லிக்கலாம்னு..."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவங்க இன்னான்னு நெனச்சுக்கினு இருப்பாங்க? போன் இருக்கா அங்க?"

"பக்கத்து ஊட்ல இருக்கு."

போனை என் பக்கம் தள்ளினார். பக்கத்து வீட்டில் எடுத்து, அம்மாவைக் கூப்பிட ஆள் ஓடி, அம்மா வந்து சேர நேரம் ஆனது. வேலை நாளில் போன் என்றால் அவளுக்குப் பயம். "நைனா! இன்னாச்சு நைனா? உடம்புக்கு இன்னா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா. வேலை பர்மனென்ட் ஆயிடுச்சு."

மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல மேடம்."

எழுந்து வந்து போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தார். "இருக்காங்க" என்றார் மெதுவாக. "அழுவுறாங்க."

பிறகு அம்மாவின் குரல் வந்தது. "நாளையிலிருந்து கழனிக்கு வரலன்னு இப்பவே போய் சொல்லிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டாள், என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரி. ஊம் என்றேன். "யாரு நைனா உனக்கு ஒத்தாசை பண்ணது?" என்றாள்.

"பக்கத்துலதான் இருக்காங்கம்மா."

"குடு அவங்கள்ட்ட."

கொடுத்தேன். மேடம் மெமோவை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு கையால் வாங்கினார். "ஆமாம்மா" என்றார். "இல்லம்மா, நான் ஒண்ணும்..." என்றார். பிறகு அம்மாதான் அந்தப் பக்கம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க மேடம் அந்த மெமோவை மடித்தார். மறுபடி மடித்தார். இனி மடிக்க முடியாது என்ற அளவுக்கு அது சின்னதானதும் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா" என்று போனை வைத்தார்.

"இன்னா மேடம் சொன்னாங்க?" என்றேன்.

"அது எனக்குச் சொன்னது" என்றார்.

விடவில்லை நான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனதும் அம்மாவைக் கேட்டேன். "அந்தப் பொண்ணுக்குச் சொன்னேன். உனக்கு இன்னாத்துக்கு?" என்று அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டேன், மேடத்தையும் அம்மாவையும். ஒருவரும் அசையவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மேடம் வேலையிலிருந்து நின்று பழவேற்காட்டோடு இருக்கிறார். பெருநாளைக்கு போன் செய்தால், நான் கேட்பதற்கு முன்பே சிரித்துவிடுகிறார்.

என்னதான் சொல்லியிருப்பாள்?